மலைக்கு ஏற்ற ஒரு சாண் கத்தி

"கடல் தாண்டிப் போனவளுக்கு இங்கன அடுப்பு எதுக்கு?" என்று என் தம்பி மனைவி கேட்டாளாம். தம்பி கோமதிநாயகம் போட்ட கடிதத்தில் அந்த ஒரு வரிதான் என் கண்ணில் நின்றது. மற்றதெல்லாம் நலம் விசாரிப்பு. இலங்கையில், மாத்தளையில் மகன் வீட்டில் சிவனே என்று இருந்த நான், அந்த வரிக்காகவே புறப்பட்டுத் தென்காசிக்கு வந்தேன். செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்ததற்கு அடுத்த ஆடி மாதம் அது.

விஷயம் இதுதான். குற்றாலத்துக்கு மேலே, செண்பகாதேவி அருவிக்கு ஏறும் வழியில், ஆற்றங்கரையில் எங்கள் குடும்பத்து மாடத்தி அம்மன் இருக்கிறாள். கோயில் என்று ஒன்றும் கிடையாது. ஒரு கல், ஒரு மரம், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு ஒரு ஆடியில் எல்லோரும் மலையேறி, குடில் போட்டு ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் விளக்கு வைப்பதற்குள் பொங்கலிட வேண்டும். மொத்தம் ஏழு அடுப்பு. ஒவ்வொன்றும் ஒரு பெண்ணுக்குச் சொந்தம். அதில் ஒன்று என் அம்மா எனக்கு விட்டுப்போனது. அடுத்தடுத்து மூன்று தடவை பொங்காத அடுப்பின் கல்லைப் பிடுங்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிடலாம் என்பது வழக்கம். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்ததால் இரண்டு தடவை என்னால் வர முடியவில்லை. இது மூன்றாவது. தம்பி மனைவி சண்முகவடிவு தன் மருமகளுக்கு என் அடுப்பைப் பார்த்து வைத்திருந்தாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. மாடத்திக்கு இரும்பு ஆகாது. அதனால் ஓர் அடுப்புக்கு ஓர் இரும்புதான் மலையேறலாம். குடிலுக்குக் கம்பு வெட்டுவது, விறகு பிளப்பது, தேங்காய் உடைப்பது, பூசணிக்காய் நறுக்குவது எல்லாம் அந்த ஒன்றை வைத்துத்தான். அதுவும் அடுப்புக்காரி தன் கையாலேயே செய்ய வேண்டும். விறகையும் அந்த மலையில்தான் பொறுக்க வேண்டும். ஆக, என்ன கத்தி கொண்டுபோகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் நாள் தென்காசிக்கு வந்து இறங்கியபோது நடுப்பகல். மொட்டைக் கோபுரத்துப் பக்கம் ஆடிக்காற்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. மாத்தளையில் காற்று இப்படி ஆளைப் பிடித்துத் தள்ளாது, மரியாதையாகப் போய்விடும். சாரல் என்று இவர்கள் கொண்டாடுவது எங்கள் ஊரில் சாதாரணத் தூறல். ஆனால் இவர்கள் அதில் நனைகிற சந்தோஷத்தைப் பார்த்தால் நமக்கும் நனையத் தோன்றிவிடுகிறது.

தம்பி வீட்டில் அன்றைக்குச் சொதி. நாங்களும் சொதி வைக்கிறோம், அது தண்ணீராக ஓடும். இங்கே பாசிப்பருப்பும் காயும் போட்டுக் குழைவாக வைத்து, இஞ்சித் துவையலோடு போடுகிறார்கள். வடிவு நன்றாகச் சமைப்பாள். அதை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

"மைனி, வயசு காலத்துல மலையேறணுமா? நீங்க கீழ அருவியில குளிச்சிட்டு இருங்க. நாங்க பிரசாதம் கொண்டாருதோம்," என்றாள், இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே.

"என் அடுப்புல பொங்கி நான் தாரேன், நீ தின்னு பாரு," என்றேன்.

"அதுக்கு இல்ல மைனி. எல்லாத்தையும் உங்க கையாலதான் வெட்டணும். சட்டம்னா சட்டம்."

பேசிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த தன் அரிவாளை எடுத்துக் காட்டினாள். என் கை நீளத்துக்கு ஒரு வெட்டரிவாள். எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அவள் அடுப்புதான் முதலில் பொங்கியதாம்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். மறைக்க மாட்டேன். அவள் அரிவாளைப் பார்த்த எரிச்சலில் சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய், அவளுடையதைவிட நாலு விரல் நீளமாக ஒன்று வாங்கி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் எல்லோரும் எழுந்திருக்கும் முன் தம்பி வீட்டுப் பின்கட்டில் அதைச் சோதித்துப் பார்த்தேன். வாழைக் கட்டையில் ஒரு போடு போட்டேன். கட்டை துண்டாயிற்று, என் தோள்பட்டையும் துண்டானது போல் வலித்தது. ஒரு வெங்காயம் நறுக்கப் பார்த்தேன். வெங்காயம் நசுங்கியது. ஒரு குச்சியைச் சீவப் பார்த்தேன், நுனி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அரிவாள் என் கையில் இல்லை, நான்தான் அரிவாளின் கையில் இருந்தேன்.

தம்பி பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தான்.

"எக்கா, யாரை வெட்டப் போற?"

"உன் பொண்டாட்டிய."

"அதுக்கு இம்புட்டு நீளம் பத்தாதே," என்றான் அவன். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இரண்டு பக்கமும் பேசி நல்ல பெயர் வாங்கத் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் இருவரும் செங்கோட்டைக்குப் போனோம். ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆசாரி பட்டறை. மலைத் தோட்டங்களுக்குக் கத்தி அடிக்கிறவர். பாதித் தமிழ், பாதி மலையாளம். அரிவாளை அவர் முன்னால் வைத்து, "இத எடுத்துக்கிட்டு ஒரு கத்தி குடுங்க," என்றேன்.

"என்ன கத்தி ஆச்சி?"

"மலையில ரெண்டு நாள் தங்கணும். மூங்கில் வெட்டணும், விறகு பிளக்கணும், காய் நறுக்கணும். எல்லாத்துக்கும் ஒண்ணு."

அவர் முதலில் ஒரு சின்னக் கத்தியைக் காட்டினார். ஒரு விரல் நீளம். பிச்சாத்தி என்றார். காய்க்குப் போதும். மூங்கிலைத் தொட்டால் மூங்கில் சிரிக்கும். அடுத்து ஒரு மடக்குக் கத்தி. வெளிநாட்டுச் சரக்கு என்று அவர் முகத்தில் ஒரு பெருமை.

"இது நடுவுல ஒடியுத சாமானு. அழுத்தி வெட்டும்போது மடங்கிச்சுன்னா என் விரல்தான் போகும். ஒரே இரும்பா இருக்கணும்," என்றேன்.

பிறகு ஒரு முழ நீளத்தில் ஒன்று. அதுவும் என் அரிவாளின் தம்பிதான்.

"பின்ன எத்தனை அங்குலம் வேணும்?"

"அங்குலக் கணக்கு உங்ககிட்ட இருக்கட்டும். இந்தக் கையைப் பாருங்க." கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பட்டறைக் கல்லின் மேல் வைத்தேன். "வெட்டுத வாய் இம்புட்டு. ஒரு சாண். அதுக்கு மேல ஒரு நெல்லு நீளம் கூடாது."

முப்பத்தைந்து வருஷம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவள் நான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் குறைக்கிற ஆண்கள் கையைப் பார்த்திருக்கிறேன். நீளக் கத்திக்காரன் காலையில் வேகமாக வெட்டுவான், மத்தியானம் உட்கார்ந்துவிடுவான். அளவான கத்திக்காரன் சாயங்காலம் வரை நிற்பான். இது தெரிந்தும் முதல் நாள் கடைத்தெருவில் எனக்குப் புத்தி போன இடம் தெரியவில்லை.

ஆசாரி ஒரு லாரி வில்லுப் பட்டையை எடுத்து உலையில் போட்டார். நான் நகரவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். முதுகு தடிமனாக இருக்க வேண்டும், கட்டையால் அடித்தால் தாங்க வேண்டும். இரும்பு பிடிக்குள் பாதியில் நின்றுவிடக் கூடாது, மறு முனை வரை ஓடி வெளியே வந்து மடங்கியிருக்க வேண்டும். பிடியை வழவழப்பாக்கக் கூடாது, மழையில் நழுவும். பிடியின் கடைசியில் ஒரு துளை, கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்ட.

"எந்தா ஆச்சி, நீங்க யுத்தத்துக்கா போறது?" என்றார் ஆசாரி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"அதை ஏன் கேக்குதீங்க," என்றான் தம்பி, "வீட்டுக்குள்ள யுத்தம்."

தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போட்டு, தீட்டி, மஞ்சணத்திப் பிடி மாட்டி என் கையில் கொடுத்தபோது நாலு மணி ஆகியிருந்தது. பிடியும் வாயும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்துத் தூக்கினேன். இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. முதுகில் சுண்டினேன், மணி போல் சத்தம் வந்தது. ஒரு வெற்றிலைக் காம்பை நறுக்கிப் பார்த்தேன். பட்டறை வாசலில் கிடந்த புளியங்கட்டையில் வைத்து, மேலே இன்னொரு கட்டையால் தட்டிப் பார்த்தேன். பிளந்துகொண்டு இறங்கியது.

ஆசாரி, "கொள்ளாம்!" என்றார். பேஷ் என்று அர்த்தமாம். கமுகம்பாளையில் ஓர் உறை கட்டிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். நான் உறையோடு கத்தியை மார்பில் அணைத்துக்கொண்டு ஏறினேன். மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"ஆச்சி, அதக் கையில வெச்சிக்கிட்டு இருந்தா நான் எப்படி டிக்கெட் கேக்க?" என்றார் கண்டக்டர்.

பாதி வழியில் பஸ் நின்றது. மேலே கட்டியிருந்த தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டதாம். டிரைவர் இழுக்கிறார், கண்டக்டர் இழுக்கிறார், ஒருவர் பேனாக்கத்தியால் அறுக்கிறார். கயிறு சிரித்துக்கொண்டு கிடந்தது. நான் இறங்கிப் போய் உறையை உருவினேன். குனிந்து நாலு இழுப்பு. கயிறு நாலு துண்டு.

"ஏ அண்ணாச்சி, ஆச்சிய வருஷம் பூரா நம்ம பஸ்ல வெச்சிக்கிடுவோமா?" என்று கண்டக்டர் கேட்க, பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வடிவின் அரிவாளை அந்தச் சக்கரத்துக்குள் விட்டிருந்தால் டயர்தான் கிழிந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் குற்றாலத்திலிருந்து ஏறினோம். கிட்டத்தட்ட முப்பது பேர். அருவிக்கரைக் கடைகளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் எண்ணி எண்ணி விற்கிறார்கள். எங்கள் பக்கம் ரம்புட்டான் வேலியோரம் காய்த்து அணில் தின்னும். நான் ஒரு கை வாங்கி, உரித்துத் தின்றுகொண்டே நடந்தேன். மூச்சு வாங்கியது. அதை யாருக்கும் காட்டவில்லை. மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று மலையழகு பார்ப்பது போல் பார்த்தேன். வடிவு அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் போனாள். செடி கொடி எல்லாவற்றிலும் அது மாட்டியது. இரண்டு இடத்தில் அவள் சேலையே மாட்டியது.

மாடத்தியின் கல் அப்படியே இருந்தது. என் அடுப்பின் மூன்று கல்லும் பாசி பிடித்து, புல் மூடிக் கிடந்தன. கையாலேயே புல்லைப் பிடுங்கினேன்.

விழுந்த மரமும் ஓரத்து மூங்கிலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வனக்காவலர் சொல்லியிருந்தார். என் கையளவு தடிமன் மூங்கிலாகப் பார்த்து, ஒரே பக்கம் போடாமல் சுற்றிச் சுற்றிக் கொத்தி முறித்தேன். நேரம் ஆனதுதான். வடிவு ஒரே போடில் ஒன்று என்று சாய்த்தாள். என் குடிலுக்குப் பாதிக் கம்பு சேர்வதற்குள் அவள் குடில் எழும்பி நின்றது.

"மைனி, விடிஞ்சிரும் போலிருக்கே," என்றாள்.

"விடியட்டும். நான் எங்க ஓடப் போறேன்?" என்றேன்.

ஆனால் கம்பின் முனையைச் சீவிக் கூராக்குவதிலும், கட்டுவதற்குக் கொடியை நுணுக்கமாகக் கிழிப்பதிலும் நான் முந்தினேன். அவள் கம்புகளுக்குக் கூர் இல்லை, மண்ணில் இறங்கவில்லை, கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தாள். அன்றைக்குப் பெய்த மழையில் அவள் குடில் இரண்டு தரம் சாய்ந்தது. நான் நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் பொங்கல். காலையிலிருந்து சாரல் விடவில்லை. காடு முழுக்க ஊறிப்போய்க் கிடந்தது. ஏழு அடுப்பிலும் விறகு வைத்தார்கள், ஏழிலும் புகைதான் வந்தது. ஊதி ஊதி எல்லோருக்கும் கண் சிவந்தது. உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. ஓர் அடுப்பும் எரியவில்லை. வடிவு பெரிய கட்டையைப் போட்டு அரிவாளால் வெட்டினாள். ஈரக் கட்டை உருண்டது. அரிவாள் வழுக்கி அவள் கால் பக்கம் போனதைப் பார்த்து எனக்கே பதறிவிட்டது.

"ஏட்டி, காலைப் பாரு!" என்று கத்திவிட்டேன். போட்டி போட்டிதான், அதற்காக அவள் காலை இழக்க நான் ஒப்புவேனா?

விளக்கு வைப்பதற்குள் பொங்காவிட்டால் என் கல்லைப் பிடுங்கிவிடுவார்கள். அம்மா உட்கார்ந்த இடத்தில் யாரோ ஒரு பெண் உட்காருவாள். அவளைக் குறை சொல்லவில்லை, நல்ல பெண்தான். ஆனால் அந்த இடம் என்னுடையது. கடல் தாண்டினால் பிறந்த வீடு இல்லை என்று யார் சொன்னது?

முழங்கை தடிமனுக்கு விழுந்து கிடந்த ஒரு கட்டையை எடுத்தேன். மேலே பட்டை ஊறிக் கொழகொழவென்று இருந்தது. ஊறுவது மேலேதான், உள்ளே ஊற நாள் ஆகும். கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலைமேல் கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினேன். கை ஓங்க வேண்டியதில்லை, குறி தப்பாது, கால் பக்கம் வராது. தட்டத் தட்டக் கத்தி தன் பாட்டுக்கு இறங்கியது. இரண்டு, நாலு, எட்டு. உள்ளே வெளுத்துக் காய்ந்த வயிரம். அதை மடியில் வைத்து அதே கத்தியால் சீவினேன். சுருள் சுருளாக, அப்பளம் போல் மெல்லிசாக வந்தது. ஒரு கூடை நிறையச் சீவினேன்.

பித்தளைச் செப்பில் வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவது சுருளைப் பிடித்துக்கொண்டது. சுருள் சிராயைப் பிடித்தது, சிராய் விறகைப் பிடித்தது. அப்போது பார்த்துச் சாரல் வலுத்தது. ஓடிப்போய்க் காட்டுவாழை இலை இரண்டை அறுத்து வந்து அடுப்புக்கு மேலே கம்பில் கட்டினேன். முட்டிவலி எங்கே போனது என்று தெரியவில்லை.

பானையை ஏற்றினேன். தேங்காயைக் கத்தியின் முதுகால் உடைத்தேன். பூசணிக்காயை உட்கார்ந்து நிதானமாக நறுக்கினேன். மற்ற அடுப்புக்காரிகள் ஒவ்வொருத்தியாக ஊதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

நுரை கட்டியது. விளிம்புக்கு வந்தது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்து, என் அம்மாவின் கல்லில் சுர்ரென்று ஓடியது. ஒருத்திக்கும் குலவை போடத் தோன்றவில்லை, எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள். நானே என் பொங்கலுக்குக் குலவை போட்டேன். அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது என்று தம்பி பிறகு சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் வடிவு வந்தாள். முகமெல்லாம் கரி. கையில் ஒரு சிரட்டை.

"மைனி, கொஞ்சம் நெருப்புத் தாங்க."

"எடுத்துக்கோட்டி. உன் அடுப்பும் என் தம்பி அடுப்புதான்."

நெருப்பை வாங்கிக்கொண்டும் அவள் நகரவில்லை. "அந்தக் கத்தியையும் ஒரு நிமிசம்..."

"அது முடியாது. சட்டம்னா சட்டம். வேணும்னா நான் சீவுன சிராய அள்ளிக்கோ. சிராய் இரும்பும் இல்ல, விறகும் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உங்க வாய் மட்டும் கடலைத் தாண்டவே இல்ல மைனி," என்று சொல்லிக்கொண்டே சிராயை முந்தானையில் அள்ளிக்கொண்டு போனாள். என் அடுப்பிலிருந்து போன நெருப்பில்தான் மற்ற ஆறு அடுப்பும் விளக்கு வைப்பதற்குள் பொங்கின.

மலையில் தங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தியை அடுத்தவள் கையைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் கையை விரித்து அளந்து வாங்குங்கள்.

சாமிக்குப் படைத்தான பிறகு தம்பி இலையில் பொங்கல் வைத்து என் முன்னால் நீட்டினான். முதலில் பொங்கிய அடுப்புக்காரி ஒரு இலை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் இலை போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

"எக்கா, மளார்னு சாப்பிடு. எல்லாரும் நனையுதாங்க," என்றான்.

"மைனி, புள்ளையளுக்குப் பசிக்கி," என்றாள் வடிவு.

பிள்ளைகளுக்கு என் இலையிலிருந்தே ஆளுக்கொரு உருண்டை உருட்டிக் கொடுத்தேன். பெரியவர்கள் எல்லோரும் சாரலில் நின்றார்கள். நான் சம்மணம் போட்டு என் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். பொங்கல் சூடாக இருந்தது. ஊதினேன். ஒரு வாய் வைத்தேன். இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டிருக்கலாம் என்று யோசித்தேன். மறுபடி ஊதினேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை.